முப்பத்திரண்டாவது வழக்கு

தலைவர் மேல் எத்தனை வழக்குகள் இருக்கின்றன என்று தலைவருக்கே தெரியாது. வக்கீலம்மா இருபத்தாறு என்றார். தொழிற்சாலை வாசலில் நிற்கிற தொழிலாளர்கள் ஒரு நாற்பதாவது இருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையான எண் அவருடைய மனைவியிடம் இருந்தது. எனக்கு அவர் அக்கா. என்னைவிட நான்கு வயது இளையவர்தான், ஆனால் தெருவே அப்படிக் கூப்பிடும்போது நான் மட்டும் வேறு மாதிரி கூப்பிட முடியுமா? வந்த சம்மன்களையெல்லாம் அவர் குக்கர் வாங்கிய அட்டைப்பெட்டியில் போட்டு, கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்.

மாகாண சபைத் தேர்தலுக்கு மனு கொடுக்கத் திங்கட்கிழமை மூன்று மணி கடைசி. மனுவோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் வைக்க வேண்டும். வேட்பாளர் மேல் நிலுவையில் இருக்கிற வழக்குகளை ஒன்று விடாமல், எண், தேதி, நீதிமன்றம், புகார் கொடுத்தவர் பெயர் எல்லாம் போட்டு எழுத வேண்டும். ஒன்றை மறைத்தாலும் மனு தள்ளுபடி. தெருமுனையில் டைப் கடை வைத்திருப்பவன் நான். முப்பது வருடமாக ஊராருடைய மனுக்களை அடித்துக் கொடுத்து என் முதுகு வளைந்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமையாவது படுக்கலாம் என்று இருந்தேன். தலைவர் வந்து, “மழையில அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வர முடியாது டைப் சார், நீங்கதான் வரணும்” என்றார். மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போனேன்.

இரண்டு அறை வீடு. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற மூன்று இடங்களில் இரண்டு பேசின், ஒரு வாளி. பேசின் நிரம்ப நிரம்ப தலைவர் எடுத்துக் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்தார். அக்கா அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். மகள் தரையில் உட்கார்ந்து சம்மன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம், அப்பாவைப் போலவே வாய்த்துடுக்கு.

“இதுல தேதி அழிஞ்சு போச்சும்மா. தண்ணி பட்டிருக்கு.”

“என்ன கேஸு?”

“சாலை மறியல்.”

“சாலை மறியல் ஏழு இருக்கு. கூட யாரு பேரு போட்டிருக்கு?”

“வெல்டர் மாமா, கேன்டீன்காரர், அப்புறம் ரெண்டு டிரைவரு.”

“அப்ப உனக்குக் காதுல சீழ் வந்த சமயம். நாலு நாள் நீயும் தூங்கல, என்னையும் தூங்கவிடல. உங்கப்பா ஜாமீன்ல வந்த அன்னிக்குத்தான் வடிஞ்சுது. மறியல் நடந்தது மே மாசம் பன்னெண்டு. போட்டுக்கோங்க சார்.”

நான் போட்டுக்கொண்டேன். பின்னால் வந்த நீதிமன்றத் தாளில் பார்த்தால் மே பன்னிரண்டுதான்.

“இது, அரசு ஊழியரை வேலை செய்யவிடாம தடுத்தது.”

“குளத்துல மீன் செத்து மிதந்துச்சே, அப்ப. அந்த மீனைக் கூடையோட தூக்கிட்டுப் போயி ஆபீசர் மேசையில கொட்டினாரு. ஒரு வாரம் அந்தச் சட்டையைத் துவைச்சேன், நாத்தம் போகல. பொழைக்கத் தெரிஞ்ச மனுஷனா இருந்தா பழைய சட்டையைப் போட்டுட்டுப் போயிருப்பான்.”

“இவ மட்டும் போலீஸ்ல சேர்ந்திருந்தா நான் இன்னும் உள்ளேயேதான் இருந்திருப்பேன் சார்” என்று தலைவர் வாளியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்.

தூக்கும்போது அவருடைய வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. இடது கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அது ஈயத்தின் வேலை. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி மறுபடியும் தகடாக வார்க்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் உலை முன்னால் நின்றவர் அவர். முதலில் முகமூடி கேட்டார். பிறகு குளிக்கச் சுடுதண்ணீர் கேட்டார், பிறகு ரத்தப் பரிசோதனை. அதுவரை எல்லாரும் அவர் பின்னால் நின்றார்கள். தொழிற்சாலைக் கழிவு போகிற குளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது பாதிப் பேர் விலகினார்கள். ஏழு வருடத்துக்கு முன் அவர் கொடுத்த புகாரில் உலைக்கூடத்தையே மூன்று மாதம் மூடிவிட்டார்கள். அந்த மூன்று மாதமும் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. குளமும் வேண்டும், கூலியும் வேண்டும் என்று ஒரே ஆள் கேட்டால் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கத்தான் வேண்டும். அவர் வாங்கினார்.

ஈயம் கையை மட்டும் பிடிக்கவில்லை. ஞாபகத்தையும் பிடித்திருந்தது. முக்கியமாகப் பெயர்கள். இது வெளியில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கே இரண்டு வருடத்துக்கு முன்தான் தெரியும். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அக்கா அவருக்கு அரை அடி பின்னால் நிற்பார். எதிரே யாராவது வந்தால் உதடு அசையாமல் சொல்வார்: “நீலச் சட்டை, லாரி ஓட்டறவரு, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க.” தலைவர் உடனே அந்த ஆளின் தோளில் கைபோட்டு, “அம்மா எப்படி இருக்காங்கப்பா?” என்பார். தலைவருக்கு ஊரில் எல்லார் பெயரும் அத்துப்படி என்று ஜனங்கள் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு அக்கா சும்மா நிற்பார்.

மூன்று மணிக்குப் பெட்டி காலியானது. முப்பத்தொன்று. சுடச்சுட உருளைக்கிழங்கை உரித்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, தட்டில் வைத்துக் கொடுத்தார் அக்கா. கூடவே டீ. தலைவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

“மச்சான் போட்டது ஒண்ணு இருந்துச்சில்ல?”

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். “அதை அப்பவே வாபஸ் வாங்கிட்டான்.”

“வாங்கிட்டானா?”

“ஆமா.”

“சரி. நீ சொன்னா சரிதான்” என்று தலைவர் அடுத்த துண்டை எடுத்தார். நான் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்தரை மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. பத்திரத்தை அச்செடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கடைக்கு வந்தார். குடையை மடக்கி வெளியே சாய்த்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், ஒரு கேஸு விட்டுப்போச்சுன்னா என்ன ஆகும்?”

“சின்னதா, பெருசா?”

“அடிதடி.”

“எதிராளி கண்டுபிடிச்சு நீட்டினா மனு தள்ளுபடி.”

“ஜெயில்ல போட்டுருவாங்களா?”

“மனுவைத் தள்ளினதோட விட்டா பிழைச்சார். வீட்டுக்கு வந்து சேர வேண்டியதுதான்.”

“வீட்டுக்குத்தானே” என்றார் அக்கா.

அவர் சொன்ன விதத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுக்கிய தாள்களைக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், மேசை மேல் கிடந்த ரப்பர் முத்திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“என் தம்பி வாபஸ் வாங்கல சார். உலையை மூடின சமயம் வீட்டுக்கு வந்து, ‘எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நீங்கதான், பிடுங்கினதும் நீங்கதான்’னு கத்தினான். இவரு வெளியே போடான்னு தள்ளினாரு. படியில விழுந்து முழங்கை முறிஞ்சுது. உலை மேஸ்திரி தூபம் போட்டு கேஸு கொடுக்க வச்சுட்டான். அப்புறம் தம்பி வேற ஊருக்குப் போயிட்டான், அந்த ஊரு கோர்ட்டுக்கே கேஸையும் மாத்திக்கிட்டான். சம்மன் வந்தப்ப இவரு வீட்டுல இல்ல. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.”

“அது எங்கே?”

“மறுநாள் வேலைக்கு எடுத்துட்டுப் போயி கொதிகலன் அடுப்புல போட்டுட்டேன்.”

அக்கா வேலை செய்வது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. ரத்தம் பட்டது தனி, மருந்து பட்டது தனி என்று பிரித்து, வேகவைத்து, இஸ்திரி உருளையில் கொடுத்து மடிக்க வேண்டும். ஒரு கறையையும் மிச்சம் வைக்காத கை அது. அந்தக் கைதான் நீதிமன்றத்துத் தாளையும் கறை என்று நினைத்து அடுப்பில் போட்டிருக்கிறது.

“மத்த முப்பத்தொண்ணும் எனக்குக் கௌரவம் சார். பெட்டியைத் திறந்து அப்பப்ப எடுத்துப் பார்ப்பேன். அது ஒண்ணுதான் அவமானம். கூடப் பொறந்தவன் போட்டதை அந்தப் பெட்டியில வைக்க எனக்கு மனசு வரல.”

“சரி. இன்னிக்கு மத்தியானம் அவரே கேட்டாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

அப்போதுதான் உட்கார்ந்தார். “போன வாரம் மேடையில வெல்டர் பேரு வரல அவருக்கு. இருபது வருஷம் ஒரே உலையில வேலை செஞ்சவங்க. நான் பின்னாலேருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சபையில யாரு எடுத்துக் கொடுப்பா? உள்ளே என்னை விடுவாங்களா? எல்லாம் படிச்சவங்க, பேசத் தெரிஞ்சவங்க. இவரு எழுந்து நின்னு ஒரு பேரு வராம முழிச்சா சிரிப்பாங்க. சிரிக்கட்டும்னு என்னால விட முடியாது சார். எட்டு மணி நேரம் ரயில்ல போகணும், மாத்திரை எந்த நேரத்துல எதுன்னுகூடத் தெரியாது. அவரு இங்கேயே இருக்கட்டுமே. ஊருக்கு உழைச்சது போதும்.”

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் கத்திவிடுவேன், என் மனைவி அடிக்கடி சொல்வாள். அன்றைக்கும் கத்தினேன்.

“ஊருல ஒருத்தன் விடாம எல்லாரையும் சந்தேகப்படற மனுஷன் அக்கா அவரு. உங்களை ஒருத்தரைத்தான் நம்பறாரு. அவருக்கு ஞாபகம் இல்லேங்கறதை வச்சு நீங்களே ஏமாத்தினா எப்படி? போகக் கூடாதுன்னா மூஞ்சிக்கு நேரா போகக் கூடாதுன்னு சொல்லுங்க. ஒரு சண்டை போடுங்க. அது உங்க உரிமை.”

அக்கா முந்தானையால் மேசையின் தூசியைத் துடைத்தார், என் கடையில் அது யாரும் செய்யாத வேலை. பிறகு எழுந்தார். “நீங்களும் கூட வாங்க. தனியா சொன்னா அழுதுருவேன்.”

போனேன். தலைவர் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார், மணிக்கட்டு ஒத்துழைக்காததால் ஒரு நுனியை மகள் பிடித்திருந்தாள். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சம்மனை எரித்ததையும், மத்தியானம் பொய் சொன்னதையும், ஏன் பொய் சொன்னார் என்பதையும். நான் கூட இருந்தும் அழத்தான் செய்தார்.

தலைவர் துணியைக் கீழே வைத்தார். “ஏழு வருஷமாவா?”

“ம்.”

“ஏழு வருஷமா இதை நீ ஒருத்தியாவே வச்சுட்டு இருந்தியா?”

“திட்டுங்க.”

“திட்டணும்னுதான் பார்க்கறேன். வார்த்தை வர மாட்டேங்குது.”

“எது எதை மறக்கணுமோ அதைக் கரெக்டா மறக்கறாரும்மா” என்றாள் மகள். அவளும் மூக்கை உறிஞ்சினாள். தலைவர் சிரித்தார், பிறகு அக்காவின் பக்கத்தில் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“இங்க பாரு. அந்தச் சபையில எனக்குப் பேரு வராம போகும். கண்டிப்பா போகும். சிரிப்பாங்க. சிரிச்சு முடிக்கட்டும். அப்புறம் ஏன் வரலைன்னு சொல்வேன். இருபத்திரண்டு வருஷம் எதை மூச்சா இழுத்தேன், அது என்ன பண்ணும், இன்னும் அந்த உலை முன்னாடி எத்தனை பேரு நிக்கறாங்கன்னு சொல்வேன். நான் வேற எதுக்கு அங்க போறேன்னு நெனைச்சே? இத்தனை நாளா நீ எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னே எல்லாரும் நெனைச்சுட்டிருக்காங்க.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அது அவருக்கு உறைத்தது என்று தெரிந்தது. எனக்கும் உறைத்தது.

“போகக் கூடாதுன்னு சொல்றியா? சொல்லு. நாளைக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

“மாத்திரையை வேளாவேளைக்குப் போடுவீங்களா?”

“போன் பண்ணிச் சொல்லு, போடறேன்.”

“அப்ப போங்க” என்றார் அக்கா, கோபமாக.

மிச்சம் இருந்தது வழக்கு எண். ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் பூட்டியிருக்கும், திங்கட்கிழமை அந்த ஊர் போய்த் தேடி எடுத்து வரவும் நேரம் போதாது. எண் தெரிந்த ஒரே ஆள் தம்பிதான். ஏழு வருடமாக அக்கா அவனோடு பேசியதில்லை. மகள் எப்படியோ அவனுடைய போன் எண்ணை வைத்திருந்தாள். எப்படி என்று அக்கா கேட்கவில்லை. போன் அடித்தது, எடுத்தார்கள். சத்தத்தைக் கூட்டி மேசை மேல் வைத்தாள்.

“நான்தான்” என்றார் அக்கா.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “மாமாவுக்கு ஏதாவது ஆயிருச்சாக்கா?”

“ஒண்ணும் ஆகல. நீ போட்ட கேஸு நம்பர் வேணும்.”

தாளைத் தேடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் தேடவில்லை. எண், வருடம், நீதிமன்றம் மூன்றையும் மனப்பாடமாகச் சொன்னான். நான் என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

“வாபஸ் வாங்கணும்னு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கிளம்புவேன்க்கா. வாங்கினா மாமா மூஞ்சியில முழிக்கணுமே. அந்த வெக்கத்துலயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேன்.”

தலைவர் போனைத் தன் பக்கம் இழுத்தார். “மச்சான், சாப்பிட்டியா?” என்றார்.

அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை கேவிக் கேவி அழுகிற சத்தம் கேட்டது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ‘தானாடாவிட்டாலும் தன் தசையாடும்’ என்று சொல்லிக்கொண்டே கடைக்கு வந்து, முப்பத்திரண்டாவது வரியை அடித்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆள் மழையில் நனைந்தபடி வீட்டு வாசலில் நின்றான். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் படியேறவில்லை. விழுந்த படி அல்லவா. தலைவர் குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய் அவனுடைய கையைப் பிடித்தார். முழங்கை பாதியில் மடங்கியே நின்றது.

“நீட்ட வரலையா?”

“மூட்டை தூக்க வருது மாமா. நீட்டத்தான் வராது.”

“நான் தள்ளியிருக்கக் கூடாதுடா.”

“நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

அவ்வளவுதான் பேசினார்கள். அக்கா உள்ளிருந்து துண்டைக் கொண்டுவந்து தம்பி தலையில் போட்டு, தேவைக்கு மேலேயே அழுத்தித் துவட்டினார். ஏழு வருடத்துக் கோபத்தையும் சேர்த்துத்தான் துவட்டினார் என்று நினைக்கிறேன். அவன் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

மனுவை முன்மொழிய அதே தொகுதியின் வாக்காளர்கள் நான்கு பேர் வேண்டும். பதினோரு மணிக்கு வக்கீலம்மா பதறிக்கொண்டு வந்தார். பாலத்தில் வெள்ளம் ஏறி, கேன்டீன்காரர் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார், ஆள் மூன்றுதான்.

“என் ஓட்டு இன்னும் இங்கதான் இருக்கு” என்று நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே முந்திக்கொண்டான் தம்பி. “மாத்தவே இல்ல.”

வக்கீலம்மா பத்திரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “புகார் கொடுத்தவரே முன்மொழியறதா? என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்ல.”

“சட்டத்துல கூடாதுன்னு இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் முன்மொழிபவர் பக்கத்தை மட்டும் மறுபடியும் அடித்தேன்.

தேர்தல் அதிகாரியின் அறை நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. வேட்பாளரும் வக்கீலும் முன்மொழிகிற நான்கு பேரும்தான் உள்ளே போகலாம். வாசலில் கயிறு கட்டி, ஒரு பெண் போலீஸ் நின்றார். அக்காவும் மகளும் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம். கதவு திறந்திருந்ததால் உள்ளே எல்லாம் தெரிந்தது, கேட்டது. தலைவர் வெளுத்த சட்டை போட்டு, மேசைக்கு முன்னால் நேராக நின்றார். வெல்டரும் மற்ற இருவரும் பின்னால், கடைசியில் தம்பி.

அதிகாரி சின்ன வயதுக்காரர். பொறுமையாகவே ஒவ்வொரு வழக்காகப் படித்தார். தலைவர் ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க” என்றார். கடைசி வழக்கு வந்தது.

“இது மட்டும் தனிநபர் கொடுத்திருக்கார். உங்களுக்குத் தெரிஞ்சவரா? பேர் சொல்லுங்க.”

தாள் அதிகாரி கையில். தலைவர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. காலையில் மழையில் இறங்கிப் போய்க் கையைப் பிடித்தவனின் பெயர், ஒரே தட்டில் சாப்பிட்டவனின் பெயர். பக்கத்து மேசையில் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். அக்கா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்.

“அம்மா, பின்னால நில்லுங்க” என்றார் பெண் போலீஸ்.

அக்காவின் உதடு திறந்தது. அந்தத் தூரத்துக்கு எப்படிச் சொன்னால் அவர் காதில் விழும் என்று அக்காவுக்குத் தெரியும். உதட்டை மூடிக்கொண்டார். பல்லால் கடித்து மூடிக்கொண்டார்.

“பேரு ஞாபகம் வரலைங்க” என்றார் தலைவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “எனக்கு ரொம்ப வேண்டியவன். ஆனா பேரு வரல. ஈயம் உருக்கற வேலையில இருந்தவன் நான். முதல்ல பேருங்கதான் போகும்.”

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது, பாதிக்கு மேல் நீளாத கை.

“நான்தாங்க அது” என்று தம்பி முன்னால் வந்து, தன் பெயரைச் சொன்னான். “புகார் கொடுத்தது நான்தான். இவரு என் மாமா. இவரை முன்மொழியறதும் நான்தான்.”

தலைவர் திரும்பிப் பார்த்து அந்தப் பெயரை ஒருமுறை சொன்னார். அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அக்கா கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

“நான் சொல்லல சார்” என்றார். “பார்த்தீங்கல்ல, நான் ஒண்ணுமே சொல்லல.”